கிரீம் சிக்கன் பாஸ்தா சொதப்பினால்: எங்கே பிழை, எப்படி மீட்பது

எங்கள் வீட்டில் ஆறு பேர். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்கு இன்று ஓய்வு, ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனேன். எட்டு மணிக்குத் தட்டு போடலாம் என்று அறிவிப்பு வேறு. எட்டரை மணிக்குச் சட்டியில் இருந்தது, வெள்ளைப் பொடிப்பொடியாகத் திரிந்து மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்த ஏதோ ஒன்று. தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, திரட்டுப்பாலா கிண்டுற?" என்றாள். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு பரோட்டா வாங்கக் கிளம்பிவிட்டார். மதுரையில் அந்த ஒரு வசதி உண்டு. ராத்திரி எத்தனை மணிக்குச் சமையல் சொதப்பினாலும் சால்னா கிடைக்கும்.

அதற்குப் பிறகு பதினைந்து இருபது தடவையாவது செய்திருப்பேன். முதல் பத்துத் தடவையும் ஏதாவது ஒன்று கெட்டது. இப்போது யோசித்துப் பார்த்தால், பாதிப் பிழைகள் சமைக்கத் தெரியாததால் வந்தவையே அல்ல. அம்மா குழம்பு வைப்பதைப் பார்த்துப் பார்த்து மனதில் ஏறிய பழக்கங்களால் வந்தவை. குழம்பில் எது சரியில்லை என்றாலும் இன்னும் கொஞ்சம் கொதித்தால் தேறிவிடும். தண்ணியாக இருக்கிறதா, கொதிக்கட்டும். பச்சை வாசம் அடிக்கிறதா, கொதிக்கட்டும். கறி வேகவில்லையா, மூடி போட்டுக் கொதிக்கட்டும். கிரீம் சாஸில் இந்தக் கணக்கு தலைகீழ். ஏதோ கெடுகிறது என்று தோன்றினால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும், யோசனையெல்லாம் அப்புறம்தான்.

முதலில் சரியான அளவைச் சொல்லிவிடுகிறேன். எங்கே தடம் மாறினோம் என்று பார்க்க அது வேண்டும். ஆறு பேருக்குப் பென்னே என்கிற குழல் வடிவப் பாஸ்தா 500 கிராம், எலும்பில்லாத பிராய்லர் கோழி 600 கிராம், வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, மைதா 3 மேசைக்கரண்டி, பால் 750 மில்லி, பிரெஷ் கிரீம் 200 மில்லி, 25 கிராம் சீஸ் கட்டி நான்கு, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு பத்துப் பன்னிரண்டு பல், இடித்த மிளகு ஒன்றரை டீஸ்பூன். பால் ஆவின் பச்சைப் பாக்கெட்டோ ஆரஞ்சுப் பாக்கெட்டோ இருக்கட்டும். பச்சையில் 4.5 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சில் 6. நீலத்தில் 3 சதவீதம்தான், அதில் சாஸ் கொஞ்சம் மெலிதாக வரும்.

கோழியைத் தனியாக வறுத்து எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் வெண்ணெய், பூண்டு, வெங்காயம், மைதா, பிறகு பால். பக்கத்து அடுப்பில் பாஸ்தா வேகட்டும். சாஸ் கெட்டியானதும் தீயைக் குறைத்துக் கிரீம், அடுப்பை அணைத்துவிட்டுச் சீஸ். கடைசியில் பாஸ்தாவும் கோழியும் உள்ளே. வெட்டுவது, கழுவுவது போக அரை மணி நேர வேலை. இனி, எது எப்படிக் கெடும் என்று பார்க்கலாம்.

சாஸ் திரிந்துவிட்டது

கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல சாஸ் கரண்டியின் முதுகில் ஒரே பூச்சாகப் படியும், விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு நிற்கும். திரிந்த சாஸ் ரவை மாதிரி மணிமணியாக ஒட்டும், மணிகளுக்கு நடுவில் தெளிந்த தண்ணீர் வழியும், சட்டி ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். எண்ணெய் பிரிந்தால் குழம்பு தயார் என்று அர்த்தம். இங்கே அது அபாய மணி.

முதல் சந்தேகம் தீ மேல். கிரீம் ஊற்றிய பிறகு தளதளவென்று கொதிக்க விட்டீர்களா? வெளிநாட்டு வீடியோக்களில் கிரீமை ஊற்றி நன்றாகக் கொதிக்க விடுவார்கள், நமக்கும் அப்படியே செய்யத் தோன்றும். அவர்கள் ஊற்றுகிற ஹெவி கிரீமில் கொழுப்பு 36 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். நம் கடையில் அட்டைப் பெட்டியில் கிடைக்கிற பிரெஷ் கிரீமில் சுமார் 25 சதவீதம். கொழுப்பு குறையக் குறைய, பாலில் உள்ள புரதம் சூட்டில் ஒன்றோடொன்று கட்டிக்கொள்வது சுலபமாகிவிடும். அதனால் நம் கிரீம் கொதி தாங்காது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்தால் போதும், அதற்கு மேல் போகக் கூடாது.

இரண்டாவது காரணம், என்னை ஒரு மாதம் சுற்றலில் விட்ட காரணம், இஞ்சி. கோழி என்றாலே இஞ்சி பூண்டு விழுது என்று கை தானாக டப்பாவுக்குப் போகிறது. மூன்று தடவை தீயைக் குறைவாகவே வைத்தும் சாஸ் திரிந்தது. பால் கெட்ட பால் என்று நினைத்துப் பால்காரரை மாற்றச் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கிற ஒரு நொதி இருக்கிறது. சீனாவின் தெற்குப் பகுதியில் இதை வைத்தே ஒரு இனிப்புச் செய்கிறார்கள். இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி அசையாமல் வைத்தால் தயிர் மாதிரி உறைந்துவிடும். நான் தெரியாமல் அந்த இனிப்பைத்தான் கோழி போட்டுச் செய்துகொண்டிருந்தேன். நன்றாக வெந்த இஞ்சியில் அந்த நொதி செத்துப்போகும், அதனால்தான் இஞ்சி டீ எல்லா நாளும் திரிவதில்லை. இஞ்சி வாசம் இல்லாமல் முடியாது என்றால் விழுதை எண்ணெயில் பச்சை வாசம் போகும்வரை வதக்கிவிட்டுச் சேருங்கள். என் கட்சி, இந்தச் சமையலுக்கு இஞ்சியே வேண்டாம், பூண்டு மட்டும் போதும்.

மூன்றாவது, புளிப்பு. கோழியைத் தயிரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்து அப்படியே சாஸில் சேர்த்தால் திரியும். தக்காளியும் அப்படித்தான். எலுமிச்சை வாசம் பிடிக்கும் என்றால் எல்லாம் முடிந்து அடுப்பை அணைத்த பிறகு, தட்டில் பரிமாறும்போது நாலு சொட்டு.

நாலாவது பால். சித்திரை வெயிலில் பாக்கெட் இரண்டு மணி நேரம் திண்ணையில் கிடந்தால் காய்ச்சும்போதே திரியும். எந்தப் பாலானாலும் முதலில் தனியாகக் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளுங்கள். திரிய வேண்டிய பால் தனியாகத் திரியட்டும். வெண்ணெய், மைதா, கோழி எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

சரி, திரிந்தாகிவிட்டது. மீட்க முடியுமா? சூட்டால் இப்போதுதான் மணி மணியாக ஆரம்பிக்கிறது என்றால் முடியும். உடனே சட்டியை அடுப்பிலிருந்து இறக்குங்கள். அணைத்தால் மட்டும் போதாது, இரும்புச் சட்டி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்த பால் ஒரு சின்ன டம்ளர் ஊற்றி மத்தால் வேகமாக அடியுங்கள். முக்கால்வாசி ஒன்றுசேரும். சேரவில்லை என்றால் ஒரு டீஸ்பூன் சோளமாவை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, குறைந்த தீயில் கிளறுங்கள்.

முழுதாகத் திரிந்ததற்கு மிக்சிதான் கதி. கோழி உள்ளே இருந்தால் பொறுக்கி எடுத்துவிட்டு, சாஸைக் கொஞ்சம் ஆறவிட்டு, ஒரு சீஸ் கட்டியைப் போட்டு அடியுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். சூடான சாஸின் ஆவி மூடியைத் தூக்கி எறிந்துவிடும், எங்கள் அடுப்படிச் சுவரில் அதற்கான தடயம் இன்னும் இருக்கிறது. சீஸ் கட்டி எதற்கு என்றால், பதப்படுத்திய சீஸில் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கிற உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது சாஸுக்கும் உதவும். இப்படி மீட்ட சாஸ் புதுச் சாஸ் மாதிரி வழவழவென்று இருக்காது. ஆனால் பரோட்டாக் கடைக்குப் போகிற அவசியம் இருக்காது. வாசமே புளிப்பாக இருந்தால் மட்டும் மீட்க முயலாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

சாஸில் கட்டி கட்டியாக மைதா

இது திரிதல் அல்ல, பயப்பட வேண்டாம். கட்டியை விரலால் நசுக்கினால் உள்ளே உலர்ந்த மாவு தெரியும். மைதாவை வெண்ணெயில் வதக்காமல் நேராகப் பாலில் கொட்டியிருப்பீர்கள், அல்லது பாலை ஒரேயடியாக ஊற்றியிருப்பீர்கள். வெண்ணெயில் மைதாவைப் போட்டுக் குறைந்த தீயில் இரண்டு நிமிடம் கிளறினால், பச்சை மாவு வாசம் போய் பிஸ்கட் வாசம் வரும். அப்போது பாலை ஒரு கரண்டி ஊற்றிப் பசை மாதிரி குழைத்து, அது ஒன்றானதும் அடுத்த கரண்டி. நாலு கரண்டிக்குப் பிறகு மிச்சப் பாலை அப்படியே ஊற்றலாம். பால் ஆறியதாக இருந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே கட்டி தட்டிவிட்டதென்றால் டீ வடிகட்டியை விடப் பெரியதாக ஒரு வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் தேய்த்து இறக்குங்கள். முடிந்தது கதை.

சாப்பிடும்போது மாவு வாசம் அடித்தால் மைதா வதங்கவில்லை என்று அர்த்தம். கிரீம் சேர்க்கும் முன்னால் தெரிந்தால் ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்க விடலாம். மைதா போட்ட பால் சாஸ் அந்த அளவு கொதியைத் தாங்கும். கிரீம் சேர்த்த பிறகு தெரிந்தால், அன்றைக்கு மிளகைத் தூக்கலாகப் போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான்.

சீஸ் நூல் நூலாக இழுக்கிறது, அல்லது அடியில் உருண்டையாகிக் கிடக்கிறது

பீட்ஸாவுக்கு விற்கிற மொசரெல்லாவைப் போட்டிருப்பீர்கள். அது இழுபடுவதற்காகவே உள்ள சீஸ், சாஸுக்கு ஆகாது. அல்லது கொதிக்கிற சாஸில் செடார் சீஸைக் கொட்டியிருப்பீர்கள். கொதியில் சீஸின் புரதம் இறுகி, கொழுப்பைக் கக்கிவிடும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு, துருவிய சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிளறுங்கள். முதல் தடவை செய்பவர்கள் சாதாரணச் சீஸ் கட்டியையே பயன்படுத்துங்கள். ஒத்தக்கடையில் எங்கள் தெரு மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது, சொதப்புவதும் கடினம்.

இது அசல் இத்தாலிய முறை இல்லையே என்று யாராவது ஆரம்பித்தால் கவலைப்படாதீர்கள். ரோம் நகரத்தில் ஆல்ஃபிரடோ டி லெலியோ என்ற உணவகக்காரர் பெயரால் புகழ்பெற்ற ஆல்ஃபிரடோ பாஸ்தாவில் வெண்ணெயும் பார்மசான் சீஸும் மட்டும்தான். கிரீமும் கோழியும் அமெரிக்காவில் சேர்ந்தவை. ஊர் விட்டு ஊர் போனால் சமையல் மாறத்தான் செய்யும்.

பாஸ்தா களியாகிவிட்டது

மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். முதலாவது, பாக்கெட்டின் பின்பக்கம். துரம் என்கிற கெட்டி வகைக் கோதுமை ரவையில் செய்தது என்று போட்டிருந்தால் ஒரு நிமிடம் கூடக் குறைய வெந்தாலும் தாங்கும். நிறுத்துக் கொடுக்கிற சில்லறை மக்ரோனியில் பெரும்பாலும் மைதாவோ சாதாரணக் கோதுமை ரவையோதான். அது கண்ணிமைக்கும் நேரத்தில் குழைந்துவிடும். பென்னே வாங்க நான் மாட்டுத்தாவணி தாண்டி அண்ணா நகர் வரை போனேன். போனது வீண் இல்லை.

இரண்டாவது, பதம். பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் 9 நிமிடத்தில் ஒன்றை எடுத்து நடுவில் கிள்ளிப் பாருங்கள். வெட்டுப் பட்ட இடத்தில், சுவரின் நடுவே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். கடித்தால் பல்லில் லேசாகப் பட வேண்டும். அந்த நிமிடமே வடியுங்கள். மிச்ச வேக்காடு சாஸுக்குள் நடக்கும். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "அரிசி அரிசியா இருக்குடா, இன்னும் ஒரு கொதி விடு" என்றார். நான் விட்டேன். அன்றைக்குச் சாப்பிட்டது பாஸ்தாக் களி. குக்கரில் ஒரு விசில் விட்டால் வேலை மிச்சமாகுமே என்று யோசிப்பவர்களுக்கும் இதே பதில்.

மூன்றாவது, ஹாட்பாக்ஸ். இதை யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாம் சரியாகச் செய்து, அப்பா கடையடைத்து வரும்வரை சூடாக இருக்கட்டும் என்று சாஸோடு கலந்து ஹாட்பாக்ஸில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் பாத்திரத்தின் வடிவத்திலேயே கேக் மாதிரி நின்றது. உள்ளே சூடு அடங்காததால் பாஸ்தா வெந்துகொண்டே இருந்திருக்கிறது, சாஸ் முழுவதையும் குடித்துவிட்டது. இட்லிக்கும் சப்பாத்திக்கும்தான் ஹாட்பாக்ஸ். யாராவது தாமதமாக வருவார்கள் என்றால் அவர்கள் பங்குப் பாஸ்தாவை வடித்ததும் ஒரு ஸ்பூன் எண்ணெய் புரட்டித் தட்டில் பரப்பி ஆறவைத்து மூடுங்கள். சாஸ் தனியாக இருக்கட்டும். வண்டிச் சத்தம் வாசலில் கேட்டதும் சாஸைச் சூடாக்கிக் கலந்தால் போதும்.

களியானதைத் திரும்பப் பாஸ்தாவாக்க முடியாது. ஆனால் வீணாக்க வேண்டாம். தட்டில் பரப்பி மேலே சீஸ் துருவிப் போட்டு, ஓவனோ மூடி போட்ட தோசைக்கல்லோ வைத்து மேலும் கீழும் முறுக விட்டுத் துண்டு போடுங்கள். பிள்ளைகள் இதையே அடுத்த தடவையும் கேட்பார்கள்.

பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது

பானை சின்னது, தண்ணீர் குறைவு. 100 கிராமுக்கு ஒரு லிட்டர் என்பது கணக்கு. 500 கிராமுக்கு 5 லிட்டர். அந்த அளவுப் பாத்திரம் சோறு வடிக்கிற பானைதான். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு போடுங்கள், போட்ட முதல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். ஒட்டுவது அந்த நேரத்தில்தான். தண்ணீரில் எண்ணெய் ஊற்றுவதால் பலன் இல்லை. எண்ணெய் மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தா மேல் படிந்து, சாஸ் பிடிக்காமல் வழுக்கும். வடித்த பிறகு பச்சைத் தண்ணீரில் அலசுவதும் வேண்டாம். சாஸ் பிடிக்க வேண்டிய மாவுச்சத்து அதோடு போய்விடும்.

வடிக்கும் முன் ஒரு விஷயம். அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். அது கஞ்சி. சோற்றுக் கஞ்சியின் அருமை தெரிந்த வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்த பகுதியில் அது தேவைப்படும்.

பசை மாதிரி இறுகிவிட்டது, அல்லது தண்ணியாக ஓடுகிறது

இறுகியதென்றால் எடுத்து வைத்த கஞ்சியை அரைக் கரண்டி அரைக் கரண்டியாக ஊற்றிக் கிளறுங்கள். சாஸ் தளர்ந்து பளபளப்பும் வரும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தளரும், ஆனால் ருசியும் தண்ணியாகும். கஞ்சியைக் கொட்டிவிட்டீர்கள் என்றால் சூடான பால்.

தண்ணியாக இருக்கிறதென்றால் ஒன்றும் செய்யாதீர்கள். மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பாஸ்தா குடிக்கும், சீஸ் ஆற ஆறக் கெட்டியாகும். சட்டியில் கொஞ்சம் தளதளப்பாக இருப்பதுதான் தட்டில் சரியாக இருக்கும். மூன்று நிமிடம் கழித்தும் ஓடினால் அப்போது சோளமாவு. பெரும்பாலும் காளானிலிருந்தோ குடைமிளகாயிலிருந்தோ தண்ணீர் விட்டிருக்கும். அவற்றைத் தனியாகச் சுண்ட வதக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும்.

சிக்கன் ரப்பராக இருக்கிறது

நெஞ்சுக்கறியாக இருந்தால், வெந்த பிறகும் விட்டுவைத்திருப்பீர்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. வெந்த நிமிடத்துக்கு அப்புறம் ஒவ்வொரு நிமிடமும் அதன் சாறு வெளியே போகும். சாஸுக்குள் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் சுக்காதான், ஆனால் சுக்கா ருசி இருக்காது. விரல் பருமனுக்கு வெட்டிய துண்டு ஒரு பக்கம் இரண்டு மூன்று நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம், அவ்வளவுதான். வெந்ததா என்று பார்க்க இருப்பதிலேயே தடித்த துண்டை நடுவில் வெட்டுங்கள். இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது, வழிகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி செல்சியஸ். எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் சாஸில் புரட்டுங்கள்.

கறிக்கடையில் பாதி நெஞ்சு, பாதி தொடை என்று கேளுங்கள். தொடைக்கறி கொஞ்சம் கூட வெந்தாலும் மன்னிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டத்தில் எலும்பெடுத்துத் தரச் சொன்னால் கத்தி பிடித்தவர் ஒரு பார்வை பார்ப்பார். "அண்ணே, அவசரமில்ல, கூட்டம் குறையட்டும்" என்று ஓரமாக நின்றால் நல்லபடியாக எடுத்துத் தருவார், எலும்பையும் ரசத்துக்குக் கட்டித் தருவார். நாட்டுக்கோழி வேண்டாம். அதன் அருமை குழம்பில், ஐந்து நிமிட வறுவலில் அது வேகாது. வெட்டும்போது நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள், மெல்லுவதற்கு மென்மையாக இருக்கும். உப்பும் மிளகும் தடவி அரை மணி நேரம் வைத்தால் சாறு இன்னும் தங்கும்.

வறுக்கப் போட்டால் தண்ணீர் விட்டு வேகிறது, நிறமே வரவில்லை என்பது அடுத்த புகார். கழுவிய கோழியைச் சொட்டச் சொட்டப் போட்டிருப்பீர்கள், 600 கிராமையும் ஒரே தடவையில் குவித்திருப்பீர்கள். தண்ணீரை ஒத்தி எடுத்து, நன்றாகக் காய்ந்த கல்லில் இரண்டு தடவையாகப் பரப்பிப் போட்டு, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கிளறாமல் நிற்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. பழகிய தோசைக்கல் இந்த வேலையை நான்ஸ்டிக்கை விட நன்றாகச் செய்கிறது. அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் தோசை ஒட்டினால் பழி உங்கள் மேல்தான்.

நிறம் மாறிவிட்டது

மஞ்சளாக இருந்தால், கோழியை மஞ்சள்தூள் போட்டுக் கழுவியிருக்கிறீர்கள். கெடுதல் இல்லை, பார்க்க மட்டும் மோர்க்குழம்பு மாதிரி இருக்கும். சாம்பல் நிறமாக இருந்தால், அலுமினியச் சட்டியில் எவர்சில்வர் கரண்டியால் தேய்த்திருக்கிறீர்கள். அடுத்த தடவை எவர்சில்வர் சட்டியும் மரக் கரண்டியும். பழுப்புப் புள்ளிகள் மிதந்தால் அடிப்பிடித்திருக்கிறது. சுரண்டாதீர்கள். மேலாக வேறு சட்டிக்கு மாற்றிவிட்டு ருசி பாருங்கள். கருகல் ருசி சாஸில் இறங்கியிருந்தால் எதைப் போட்டாலும் மறையாது.

இனிக்கிறது

கிரீம் பெட்டியைப் படியுங்கள். கேக் மேல் பூசுகிற விப்பிங் கிரீம் வேறு, சமையலுக்கான பிரெஷ் கிரீம் வேறு. ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று இல்லை. விப்பிங் கிரீமில் பல வகையில் சர்க்கரை சேர்ந்தே வருகிறது, பாலே இல்லாமல் தாவர எண்ணெயில் செய்ததும் உண்டு. ஊற்றிவிட்ட பிறகு அதை எடுக்க வழியில்லை. ஊற்றும் முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்.

உப்பு ஏறிவிட்டது

உப்பு எத்தனை பக்கத்திலிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கோழியில், பாஸ்தாத் தண்ணீரில், வெண்ணெயில், சீஸில். இத்தாலிக்காரர்கள் லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போடுவார்கள். நான் லிட்டருக்கு ஒரு டீஸ்பூனோடு நிறுத்திவிடுகிறேன். உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்றால் கேன் தண்ணீரில் வேகவையுங்கள். சாஸில் சீஸ் கரைந்த பிறகுதான் உப்புப் பார்க்க வேண்டும், அதற்கு முன் போடவே கூடாது. ஏறிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு தன் பங்குச் சாஸைக் குடிக்குமே தவிர, உப்பை மட்டும் தேடிப் பிடித்துக் குடிக்காது. உப்பில்லாமல் ஒரு கை பாஸ்தா வேகவைத்துச் சேருங்கள், கொஞ்சம் பாலும் கிரீமும் ஊற்றுங்கள். அளவு கூடும், பரவாயில்லை.

எல்லாம் சரி, ஆனால் சப்பென்று இருக்கிறது

இது பிழையே இல்லை, நாக்கு விஷயம். முதன்முதலாகச் சரியாக வந்த அன்று தட்டில் வைத்துக் கொடுத்தேன். அப்பத்தா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏய்யா, நல்லாத்தேன் இருக்கு. இதுக்கு வெஞ்சனம் எங்க?" என்றது. கறியும் சாறும் உள்ளேயே இருக்கிறது என்றால் நம்பவில்லை. அப்பா, "மிளகாப்பொடி போட மறந்துட்டியா?" என்றார். மிளகு தெரிகிற அளவுக்குப் போட்டிருந்தேன், ஆனால் கறிதோசையும் சுக்காவும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்குப் பாலில் போட்ட மிளகு தெரியவே தெரியாது. கிரீமும் சீஸும் காரத்தை அமுக்கிவிடும்.

முதலில் உப்பைப் பாருங்கள், பாதி நேரம் சப்பென்று இருப்பது அதனால்தான். அப்புறம் பூண்டு. வெண்ணெயில் பொன்னிறத்துக்கு வந்திருக்க வேண்டும். கருகினால் கசக்கும், வெளுப்பாக இருந்தால் பச்சை வாடை. மிளகைக் கொதிக்கும்போது பாதி, இறக்கும்போது பாதி. அதையும் மீறிச் சாஸில் கரம் மசாலா போட வேண்டாம் என்பது என் கருத்து. போட்டால் அது வெள்ளைக் குருமா, அதற்குப் பரோட்டாதான் பொருத்தம்.

நான் கண்டுபிடித்த சமாதானம் தாளிப்பு. சின்னக் கரண்டியில் வெண்ணெய் இரண்டு ஸ்பூன், தட்டிய பூண்டு நாலு பல், வரமிளகாய் மூன்று கொரகொரப்பாக இடித்தது. பூண்டு சிவந்ததும் மிளகாயைப் போட்டு உடனே இறக்கிவிடுங்கள், அந்தச் சூடே போதும். ஒரு கிண்ணத்தில் ஊற்றி நடுவில் வைத்தால் வேண்டியவர் வேண்டிய அளவு விட்டுக்கொள்வார். தங்கச்சி தொடமாட்டாள், அப்பா முக்கால் கிண்ணத்தைக் காலி செய்வார்.

மறுநாள் மிச்சம் கல்லாகிவிட்டது

பாலும் கோழியும் சேர்ந்தது, எங்கள் ஊர் வெப்பத்தில் ராத்திரி முழுக்க வெளியே வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். காலையில் எடுத்தால் சாஸே இல்லாத மாதிரி இறுகியிருக்கும், உள்ளேதான் இருக்கிறது. சட்டியில் அரை டம்ளர் பாலை ஊற்றிச் சூடாக்கி, அதில் பாஸ்தாவைப் போட்டு, மூடி வைத்துக் குறைந்த தீயில் ஆவி வரும்வரை விடுங்கள். ஒரு தடவைக்கு மேல் சுடவைக்காதீர்கள். மைக்ரோவேவ் என்றால் பாலைத் தெளித்து, பாதியில் ஒரு முறை கிளறி விடுங்கள். இல்லையென்றால் ஓரம் வெடித்து எண்ணெய் பிரியும்.

அப்பத்தா இந்த மறுநாள் பாஸ்தாவைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறது. தட்டின் ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய் ஒரு துண்டு இருக்க வேண்டும். வெஞ்சனம் கிடைத்துவிட்டதாம்.